மழைத்துளிகளை ஓடவிட்டவர்

எனக்கு முன்கோபம். கணக்கு டீச்சருக்கு அது இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பது என் கட்சி. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பகுதிநேர ஆசிரியராக அந்த பி.டி. சார் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. காரணம் சின்னதுதான். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கேட்டு வாங்குவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். மற்ற பி.டி. சார்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கொடுக்கவில்லை.

"தர மாட்டேன் டீச்சர். வேணும்னா நீங்க கிரவுண்டுக்கு வாங்க. அங்க வச்சு கணக்கு சொல்லிக் குடுங்க."

இதைச் சிரிக்காமல் சொன்னார். நக்கலா நிஜமா என்று தெரியாமல் நான் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பி வந்து, இருந்த இரண்டு பேரிடமும் அவரைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. அவருக்கு நக்கல் வராது.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வெயிலில் நின்று நின்று கழுத்து ஒரு நிறம், சட்டைக்குள் ஒரு நிறம். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதிக் கேட்டவர்கள் குறைவு. எங்கும் நடந்தே போவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எதையாவது விரலால் சுட்டிக் காட்டினால் அவருக்குப் பொறுக்காது. "கையக் காட்டாதீங்க, நடங்க," என்பார். குழாய் எங்கே ஒழுகுகிறது என்று ஹெச்.எம். கேட்டு, கிளார்க் உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கம் கையை நீட்டினால் போதும், அவரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் அவருக்கு இதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

என்னையும் ஒருநாள் நடக்கவிட்டார். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் ஒரு வாரமாகக் குடலைப் பிடுங்கும் நாற்றம். சத்துணவுக் கூடத்தில் கழுவிக் கொட்டுகிறார்கள், அதுதான் என்று நான் சமையல்காரம்மாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வந்து, "வாங்க டீச்சர், பாத்துட்டு வருவோம்," என்றார். கஞ்சி போட்ட காட்டன் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சகதியில் அவர் பின்னாலேயே போனேன். ஜன்னலுக்கு அடியில் தேங்கியிருந்த குட்டைக்குத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் வந்தது, அதை எதிராகப் பிடித்துப் போனோம். அது வேப்பமரத்தைச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய், ஒரு குழாயில் ஏறியது. அந்தக் குழாய் போய் முடிந்த இடம் எங்கள் ஸ்டாஃப் ரூமின் கை கழுவும் தொட்டி. எங்கள் டிபன் பாக்ஸ் மீன் குழம்பும் ரசமும்தான் ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்கள் ஜன்னலுக்கே வந்திருக்கின்றன. நான் போய் சமையல்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, அவருடைய சாம்பாரைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

பசுமைப் படை என்று ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. பெயர்தான் படை. வருடத்துக்கு ஒரு மரக்கன்று, ஒரு ஃபோட்டோ, அதோடு சரி. யாரும் ஏற்க மாட்டார்கள். புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது மரபு, அப்படியே இவர் தலையிலும் கட்டினார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனார்.

எங்கள் பள்ளி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் இருக்கிறது. மேற்கே மலை. மழை விட்ட காலை என்றால் மலையில் விழும் வெள்ளைக் கோடுகள் வகுப்பிலிருந்தே தெரியும். கிரவுண்டும் மலையைப் போலவே மேற்கே உயர்ந்து, கிழக்கே கேட் பக்கம் சரிந்து கிடக்கும். அந்தச் சரிவால் கபடி சரியாக ஆட முடியவில்லை என்று முந்தைய பி.டி. சார்கள் எல்லாம் புலம்பியிருக்கிறார்கள். இவருக்கு அந்தச் சரிவுதான் வேண்டியிருந்தது.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மேட்டில் நிறுத்தினார். "நீங்கதான் மழை. செண்பகத்தோப்பு மலைக்கு மேல பெஞ்சிருக்கீங்க," என்றார். சரிவு நெடுக ஓடையைப் போல வளைந்து வளைந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். வழியில் அங்கங்கே இரண்டு இரண்டு பிள்ளைகள். ஒரு இடம் கோழிக்கடை, அங்கே நிஜமான கோழி இறகு. ஒரு இடம் வண்டி கழுவும் இடம், அங்கே கிரீஸ் துடைத்த துணி. ஒரு இடம் காய்கறி மார்க்கெட். ஒரு இடம் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஷெட், அங்கே கழிவுத் துணி. எங்கள் பக்கம் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு கிடக்கும்.

விதி ஒன்றே ஒன்று. யார் எதைக் கொடுத்தாலும் மழை அதை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். கீழே போடக் கூடாது, திரும்பி மேட்டுக்கு ஏறக் கூடாது. கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் கண்மாயாக ஐந்து பிள்ளைகள் கையை ஏந்தி நிற்பார்கள். அவர்களும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

நான் மாடியில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே ஒரே கூச்சலும் சிரிப்பும். ஜன்னலைச் சாத்தலாம் என்று போனவள் சாத்தவில்லை. பிள்ளைகள் இறகும் அழுக்குத் துணியும் அழுகிய தக்காளியுமாகக் குவித்துக்கொண்டு ஓடி வந்து கண்மாயின் கையில் கொட்டினார்கள். கண்மாயாக நின்ற ஒரு பையனின் சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சார், நாங்க என்ன சார் செஞ்சோம்?" என்றான்.

"ஒண்ணும் செய்யல. கீழ இருக்க. அம்புட்டுதான்."

அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. பாடம் அவ்வளவுதான். பையன் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான், மேட்டிலிருந்து ஓடிவந்த பிள்ளைகளும் அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கையில் சாக்பீஸ் இருந்தது, பின்னால் வகுப்பு கலகலத்துப்போயிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கலிங்கு, மறுகால் என்று நான் ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மேலே ஒரு கண்மாய் நிறைந்து வழிந்தால் அடுத்த கண்மாய், அது வழிந்தால் அதற்கடுத்தது. வழிவது தண்ணீர் மட்டும் இல்லை.

எட்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். நிஜமாகவே பேண்டேஜ் துணி வெளுக்கும் ஷெட்டு வைத்திருப்பவரின் மகள். ஷெட்டு எங்கள் பள்ளிக்கு வடக்கே, ஓடைக் கரையில். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. நாலு தொட்டி, ஒரு மோட்டார், காயப்போடக் கொடி. அவளுடைய அப்பா எப்போதும் கை வெளுத்துப்போய் இருப்பார். விளையாட்டு பிடித்துப்போனதும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும், "பவித்ராதான் ஷெட்டு! அவ வீட்டுத் தண்ணிதான்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு இரக்கம் மெதுவாகத்தான் வரும், அதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தில் போய் நின்றாள்.

சார் போய் அவள் கையிலிருந்த கழிவுத் துணியை வாங்கிக்கொண்டார். "இனி ஷெட்டா நான் நிக்கேன். நீ மேட்டுக்குப் போ. நீ மழை," என்றார்.

அவள் ஓடினாள் பாருங்கள்! அப்படி ஒரு ஓட்டத்தை நான் ஸ்போர்ட்ஸ் டேயில்கூடப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. என் பாடத்தில் அவள் முப்பதைத் தாண்டியதில்லை.

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில், மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து எங்கள் பசுமைப் படையைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. பகுதிநேர ஆசிரியராக எத்தனையோ வருடம் ஊர் ஊராக அலைந்தவர் சார். பாதிச் சம்பளம், மே மாதம் அதுவும் கிடையாது. அதிகாரி மனது வைத்தால் நிரந்தர வேலைக்குப் பரிந்துரை போகும் என்று ஹெச்.எம்.மே வாய்விட்டுச் சொன்னார். சாருடைய மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மலையேறிவிட்டு வந்ததாகவும் கேள்வி.

கிரவுண்டு முழுவதையும் வரைபடமாக்கினார். மலை, ஓடைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்கள், ரெண்டு ஊர், எல்லாம். கோடு போடச் சுண்ணாம்பு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. கக்கூஸ் பக்கம் தூவுவதற்கென்று கொண்டுவந்து இறக்கியிருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் பி.டி. ரூமில் கிடந்தன. அதை எடுத்துப் போட்டார். சுண்ணாம்பைவிடப் பளிச்சென்று விழுந்தது. நானும் பார்த்தேன், ஹெச்.எம்.மும் பார்த்தார். மூக்கை அரித்தது, ஆனாலும் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பிளீச்சிங் பவுடர் என்றால் சுத்தம். கல்யாண வீட்டு வாசலிலும் அதுதான், மந்திரி வரும் ரோட்டோரமும் அதுதான். துணியை வெள்ளையாக்கிப் பிழைக்கிற ஊரில் வெள்ளைப் பொடியை அழுக்கு என்று எப்படி நினைப்பது? கோழிக்கடை, மார்க்கெட், ஷெட்டு என்று எல்லா அழுக்குக்கும் பிள்ளைகள் வரைபடத்தில் ஒவ்வொரு நிறம் வைத்திருந்தார்கள். வெள்ளை அதில் இல்லை.

அதிகாரி வந்தார், பார்த்தார், அசந்துபோனார். சாரின் கையைப் பிடித்துக் குலுக்கிப் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வானம் உடைந்து கொட்டியது. அந்த வருடத்தின் முதல் பெருமழை.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரோட்டுக்குக் கிழக்கே கூட்டம். அங்கே ஒரு குட்டிக் கண்மாய் இருக்கிறது. அதை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காதர் பாய். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர், எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் வாடிக்கை. கோடையில் சுருங்கி, நடுவில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்த கண்மாய் அது. கரையோரம் முழுவதும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கட்லா, கெண்டை, விரல் நீளக் குஞ்சுகள். காதர் பாய் யாரையும் திட்டவில்லை. தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்று, ஒரு மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷெட்டுத் தண்ணிதான்!" என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஆளாளுக்கு வடக்கே கையை நீட்டினார்கள். பவித்ராவின் அப்பா ஓடி வந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். தெலுங்கில் கத்திவிட்டு, பிறகு தமிழுக்கு வந்தார்.

"மோட்டார் காயில் எரிஞ்சு ஒரு வாரமாச்சுய்யா! தொட்டியில சொட்டுத் தண்ணி கெடையாது. வந்து பாருங்க!"

"ஏன், மழையில தொறந்து விட்ருப்பீரு! யாருக்குத் தெரியும்?"

"இன்னைக்கு ஷெட்டுக்குப் பூட்டு போடணும்வே!"

பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். பவித்ரா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது சார் வந்தார். கண்மாயைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார். நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டு, "கையக் காட்டாதீங்க. செத்த நேரம் பொறுங்க. நடப்போம்," என்றார்.

பள்ளியிலிருந்து பேண்டேஜ் துணியும் மஞ்சள் தூளும் எடுத்துவரச் சொன்னார். துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஆலத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஷெட்டுக் காரத்துக்கும் சிவக்கும், பிளீச்சிங்குக்கும் சிவக்கும். தண்ணீரின் வழியே எதிராக நடக்க வேண்டும். தேங்கி நிற்கும் இடங்களில் துணியை நனைத்துப் பார்க்க வேண்டும். சிவக்கும் பக்கம் போக வேண்டும்.

பிள்ளைகள் முன்னால், சார் அவர்களோடு, பின்னால் ஊர்ச்சனம். கண்மாய்க்குள் வந்து விழும் வாய்க்கால் முகத்தில் லேசாகச் சிவந்தது. ரோட்டடிப் பாலம் வரை அப்படியே. அந்தப் பாலத்தில்தான் இரண்டு வாய்க்கால் வந்து சேர்கிறது. ஒன்று வடக்கே ஷெட்டுப் பக்கமிருந்து, ஒன்று மேற்கே எங்கள் பள்ளி கேட்டிலிருந்து. பாதிக் கூட்டம் நிற்காமல் வடக்கே திரும்பி நடந்தது. ஷெட்டு வாய்க்கால் குட்டையில் ஒரு பையன் துணியை நனைத்தான். மஞ்சளாகவே இருந்தது. மேலே போய் இன்னொரு குட்டையில் நனைத்தான். மஞ்சள்தான்.

"காயில் எரிஞ்சதுன்னு சொன்னேன்ல!" என்றார் பவித்ராவின் அப்பா, குரல் உடைந்து.

பாலத்துக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். சார் மேற்கே திரும்பி எங்கள் கேட்டைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. நேற்று பிளீச்சிங் பவுடரில் பளிச்சென்று கிடந்த மலையும் ஓடையும் இன்று காலையில் முக்கால்வாசி இல்லாமல் போயிருந்ததை நான் ரோட்டிலிருந்தே கம்பி வேலி வழியாகப் பார்த்திருந்தேன். எங்கே போயிருக்கும் என்று அதுவரை நான் யோசிக்கவில்லை.

அவரைத் தனியாக இழுத்தேன். "சார், போதும். ஷெட்டு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மழையில எங்கருந்தோ வந்திருக்குன்னு சொல்லி முடிச்சிருங்க. ஆர்டர் வர்ற நேரம்."

"தண்ணி இங்க நிக்கலையே டீச்சர்," என்றார்.

அதட்டலாகச் சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னார். முகம் மட்டும் வெளிறியிருந்தது. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "மேக்க போங்க," என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்து அழுது வடிய எனக்குப் பிடிக்காது. அடுத்த ஜூனில் அவரை எங்கள் பள்ளிக்கு எடுக்கவில்லை. பரிந்துரையும் போகவில்லை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். மீன் செத்த அன்று மத்தியானம் அடுத்த மழை இறங்குவதற்குள், கிரவுண்டில் மிச்சமிருந்த கோடுகளை எல்லாம் மண்வெட்டியால் சுரண்டிச் சாக்கில் அள்ளி ஷெட்டுக்குள் ஏற்றினார். ஆமாம், பவித்ரா அப்பாவின் ஷெட்டுதான். அவரும் கூடச் சேர்ந்து அள்ளினார். மழைத்துளி விளையாட்டை இப்போது நான்தான் நடத்துகிறேன், அதுவும் கணக்கு பீரியடில். கோடு போடுவது கிடையாது, கயிறு கட்டுகிறோம்.

காதர் பாயிடம் ஒருநாள் மீன் வாங்கும்போது சாரைப் பற்றிக் கேட்டேன். "அவுக மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். எம்புட்டுக் குஞ்சு விட்டிருந்தேன்," என்றார். மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதிலெடுத்தார். "ஆனா இந்தக் கண்மாயில எத்தனையோ தடவ மீன் செத்திருக்கு. ஒருத்தரும் வந்து நாந்தான்னு எம் முன்னால நின்னதில்ல. எங்க அத்தா காலத்துலயும் நின்னதில்ல."

அந்தக் காலைக்கு வருகிறேன். பள்ளி கேட்டில் ஹெச்.எம். கையை விரித்துக்கொண்டு நின்றார். "சார், ஊர்க்காரங்கள எல்லாம் எதுக்கு உள்ள கூட்டிட்டு வாறீங்க? பெல் அடிச்சாச்சு!" என்றார். சார் நின்று, பணிவாக, "இன்னும் கொஞ்ச தூரந்தான் மேடம்," என்றார். பிள்ளைகள் அதற்குள் ஹெச்.எம். கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். மேட்டுப் பக்கம், மலையென்று சார் வரைந்திருந்த இடத்தில், நனைந்த வெள்ளைப் பொடி கட்டி கட்டியாக மிச்சமிருந்தது. அதைச் சுற்றி ஒரு குட்டை. பிள்ளைகள் அதன் முன்னால் போய் நின்றார்கள். எல்லோர் கையிலும் இருந்த துண்டுகள் நனைந்து வீணாகியிருந்தன. பவித்ரா கையில் மட்டும் ஒரு துண்டு புதிதாக இருந்தது.

"நனச்சுப் பாரு," என்றார் சார்.

அவள் குனிந்து நனைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். ஆலத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்ததுபோல அப்படியே சிவந்தது. ஊர்ச்சனம் அவளுக்குப் பின்னால் நின்றது, அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் சட்டென்று துணியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ன நிறம்?"

"மாறல சார்."

"நல்லாப் பாரு."

"மஞ்சள்தான் சார். மாறவே இல்ல."

அரை மணி நேரத்துக்கு முன்னால் தன் அப்பாவை ஊரே சூழ்ந்துகொண்டதைப் பார்த்தவள். பழி முழுசாகத் தீர அந்தத் துணியைக் காட்டினால் போதும். அந்தப் பெண் பொய் சொன்னாள். 'சரி சார், விட்டுருங்க, அவ சொல்லிட்டாள்ல' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ஹெச்.எம். முகத்திலும் அதேதான்.

அவர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லை. "ஏட்டி, கையத் தொற," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"உங்கள வேலைய விட்டுத் தூக்கிருவாக சார்."

"அது பொறவு. உங்க அப்பா நிக்காக. காதர் பாய் நிக்காக. அவிய கேட்டுட்டு நிக்கையில நீ இப்படிச் சொல்லலாமா? தொற."

மெல்லத் திறந்தாள். துணியின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு.

"என்ன நிறம்?"

"சிவப்பு சார்." உதடு மட்டும்தான் அசைந்தது.

"கேக்கல. அங்கன நிக்கவுகளுக்கும் கேக்கணும்."

அவள் மூச்சை இழுத்து, கிரவுண்டே அதிரும்படி கத்தினாள். "சிவப்பு சார்!"

சார் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "சரியான பதில்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, காதர் பாயைப் பார்த்து நடந்து போனார்.